தோட்டத்தில் கினிப்பன்றிகள், கூண்டின் மேல் பக்கத்து வீட்டுப் பூனை

குளுகோர்வாசி | வியாழன், காலை 9.50

வணக்கம். பினாங்கு குளுகோரில் மூலை வீடு. பக்கவாட்டில் பன்னிரண்டடி அகலத்துக்குப் புல்தரை, ஒரு கொய்யா மரம், ஒரு கறிவேப்பிலைச் செடி. கொய்யா நிழலில்தான் மகளின் நான்கு கினிப்பன்றிகளுக்குக் கூண்டு போட்டிருக்கிறேன். பெயர்கள் முறுக்கு, அதிரசம், கடலை, ஓமப்பொடி. பெயர் வைத்தது நான் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் வாங்கி வந்ததன் விளைவு.

பிரச்சினை பூனைகள். பின்சந்தில் எண்ணிப் பார்த்ததில் பதினொன்று. இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாக்சிக் (மலாய்க்கார அத்தை) தினமும் மாலை ஏழு மணிக்குத் தட்டில் உலர்தீனி கொட்டுகிறார். மகள் பிறந்தபோது சட்டி நிறையக் கோழி ரெண்டாங் சமைத்து அனுப்பியவர். அவரோடு மனத்தாங்கல் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்று காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், கூண்டின் மேல் ஒரு செம்மஞ்சள் பூனை வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கையைத் தட்டினேன். என்னைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, பிறகு சாவகாசமாக இறங்கிப் போனது. முன்பக்க வலை ஒரு கையளவு உள்ளே வளைந்திருக்கிறது. நான்கும் பின்மூலையில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, கண் இமைக்காமல், பொம்மைகள் போல. கால்மணி நேரம் அசையவே இல்லை. இப்போது மூன்று நடமாடுகின்றன. கடலை மட்டும் புல்லில் வாய் வைக்கவில்லை.

பூனை வராது என்று ஊரே வைக்கிறதே என்று நானும் ஒன்பது போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதே பூனை ஒரு போத்தலில் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசிவிட்டுப் போனது. அதற்குமேல் அவமானப்பட விரும்பாமல் எடுத்துவிட்டேன்.

கூண்டு மரச்சட்டம், சுற்றிலும் கோழிவலை, மேலே தகரம். அடிப்பலகை கிடையாது, தரை புல்தான். யோசனை சொல்லுங்கள். விஷம், கவண்கல் என்று தொடங்குபவர்கள் வேண்டாம்.

மலையடிவாரம் | வியாழன், காலை 10.12

கூண்டு அப்புறம். முதலில் கடலையைப் பாருங்கள்.

மடியில் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்து, ரோமத்தை எதிர்த்திசையில் விரலால் கோதிக்கொண்டே கழுத்திலிருந்து பின்தொடை வரை தோலைப் பாருங்கள். பூனையின் பல் ஊசி மாதிரி. குத்திய இடத்தில் சிறு புள்ளிதான் இருக்கும், இரத்தம் கூட வராது, தோல் உடனே மூடிக்கொள்ளும். பூனை வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். புள்ளி ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவர்.

காயமே இல்லாவிட்டாலும், அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இதன் குடலுக்குள் எப்போதும் ஏதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் வாயு சேரும், பிறகு மீட்பது கடினம். பயந்தாலே தீனியை நிறுத்திவிடும் பிராணி இது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்குச் சளிக்குத் தரும் அமோக்ஸிசிலின் வாய்வழி போனால் இதற்குக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, சில நாட்களில் உயிரே போகும். எல்லா மருத்துவமனையிலும் இதைப் பார்க்க மாட்டார்கள். நாய் பூனை தவிர மற்றதையும் பார்ப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

குளுகோர்வாசி | வியாழன், பகல் 1.30

நன்றி அக்கா. காயம் இல்லை, இரண்டு முறை பார்த்தோம். குளிர்ந்த சமையலறைத் தரையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்தோம். பன்னிரண்டு மணிவாக்கில் மகள் கொத்தமல்லித் தண்டை நீட்டினாள். முதலில் மூக்கு மட்டும் ஆடியது. பிறகு தண்டு பெட்டிக்குள் மெல்ல மெல்ல இழுபட்டது, தபால்பெட்டியில் கடிதம் போவது போல. இப்போது மூன்றாவது தண்டு. அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

பழைய தச்சன் | வியாழன், மாலை 4.05

தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். நாற்பது வருடம் மரவேலை செய்தவன். கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதற்குத் தெம்பு இல்லை. முறுக்கிய மெல்லிய கம்பி. ஒரு முடிச்சு விட்டால் வரிசையாக விடும். நம் ஊர் மழைக்கு இரண்டு வருடத்தில் துருப்பிடித்து விரலால் ஒடிக்கலாம். பூனை முன்காலை அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை விடும். உங்கள் பிராணியோ வலையில் சாய்ந்துதான் படுக்கும்.

வன்பொருள் கடையில் பற்றவைத்த சதுரக்கண் கம்பிவலை கேளுங்கள். கண் அரை அங்குலம், 13 மில்லிமீட்டர். அதற்குமேல் வேண்டாம். பச்சை பிளாஸ்டிக் பூசியது அழகாக இருக்கும், கடித்தால் பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போகும். வெறும் கால்வனைஸ் செய்ததே போதும். வலையைச் சட்டத்துக்கு உட்புறம் வைக்க வேண்டும், வெளியிலிருந்து தள்ளினால் சட்டமே தாங்கும் என்பார்கள் சிலர், தப்புக் கணக்கு. உட்புறம் வைத்து ஆணி அடித்தால் தள்ளும்போது ஆணி பிடுங்கும். வெளிப்புறம் வைத்தால் தள்ளும் விசை சட்டத்தில் இறங்கும். ஆகவே வெளிப்புறமே.  அடிப்பதும் ஸ்டேப்பிள் ஊசியால் இல்லை. வலையின் ஓரத்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, ஒரு சாண் இடைவெளியில் திருகாணி.

அடுத்தது அடிப்பக்கம். புல்தரைக் கூண்டுக்கு அதுதான் வாசல். கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு அதே வலையைத் தரையோடு தரையாக வெளிப்பக்கம் விரித்து, சட்டத்தோடு கட்டி, கொக்கி அடித்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் புல் மூடிவிடும். தோண்டுவது எதுவாக இருந்தாலும் சுவரோரத்தில்தான் தோண்டும். ஓரடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற புத்தி அதற்கு வராது.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. கொக்கியும் தாழ்ப்பாளும் இரண்டும் வேண்டும்.

கெப்போங் தம்பி | வியாழன், இரவு 8.40

இவ்வளவு செலவு எதற்கு? சுற்றிலும் அந்துருண்டை போடுங்கள், மிளகாய்த்தூள் தூவுங்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அப்படித்தான். அதற்கும் அடங்காவிட்டால் பிடித்துச் சாக்கில் கட்டி ஏதாவது சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். பெருச்சாளிக்காக அரைநாள் விடுப்பு எடுத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்று பூனைக்காரி | வியாழன், இரவு 9.02

தம்பி, ஒவ்வொன்றாக வருகிறேன். அந்துருண்டை நாப்தலீன். பூனை நக்கினாலும் விஷம், தரையை ஒட்டியே மூக்கு வைத்திருக்கும் கினிப்பன்றிக்கு நாள் முழுக்க அந்தக் காற்றுதான். பூனையை விரட்டுவதாகச் சொல்லிக் கூண்டுக்குள் இருப்பதைக் கொல்லும் வழி. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டும், பூனை பாதத்தால் முகம் துடைக்கும், கண் எரியும். உங்கள் ஊரில் மழையே பெய்வதில்லையா? ஒரு மழைக்கு மேல் அந்தத் தூள் எங்கே இருக்கிறது?

சாக்கில் கட்டுவது பற்றி: 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், சட்டம் 772, 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. பிராணிவதைக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வலை வாங்குவது மலிவு.

சட்டத்தை விடுங்கள், காரியத்துக்கும் உதவாது. மாக்சிக் தட்டு ஏழு மணிக்கு வைக்கப்படும் வரை, ஒரு பூனையை அகற்றினால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். பழைய பூனைக்காவது நீங்கள் யார் என்று தெரியும்.

கெப்போங் தம்பி | வியாழன், இரவு 9.20

சரி சரி, சாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி நியாயமானது. பூனையை ஊர்சுற்ற விடுபவருக்குப் பொறுப்பே இல்லையா? மற்றவர் வீட்டுச் செடித்தொட்டியில் அசிங்கம் செய்யும், கார் மேல் கீறும், இப்போது கூண்டையும் உடைக்கும். செலவு மட்டும் கூண்டுக்காரருக்கா?

மூன்று பூனைக்காரி | வியாழன், இரவு 9.41

அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். என் மூன்றும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆறாவது மாடி வீட்டை விட்டு வெளியே போனதில்லை. போக விடுவதும் இல்லை. ஆனால் குளுகோர்க்காரர் ஊரைத் திருத்திவிட்டுப் பிறகு கூண்டைத் திருத்தலாம் என்று காத்திருந்தால் அதற்குள் அதிரசம் போய்விடும்.

செந்தூல் அக்கா | வெள்ளி, காலை 7.15

எல்லோரும் பூனையைப் பற்றியே எழுதுகிறீர்கள். மேலே தகரம் என்று அவர் எழுதியது யார் கண்ணிலும் படவில்லையா?

இந்தப் பிராணிக்குப் பிடித்த வெப்பம் 18 முதல் 24 டிகிரி. நம் ஊரில் பகலில் 32, 33 சாதாரணம். அதற்கு வியர்க்காது. நாய் போல் நாக்கைத் தொங்கவிட்டுச் சமாளிக்கவும் தெரியாது. பூர்வீகம் ஆண்டிஸ் மலை. பெரு, பொலிவியா பக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டுப் பிராணி, அதுவும் சமையலறைத் தரையில் ஓடி விளையாடி, காய்கறித் தோல் தின்று வளர்ந்தது. கடைசியில் அந்தச் சமையலறையிலேயே சட்டிக்கும் போகும், அது வேறு கதை. பெயரில் பன்றி இருந்தாலும் பன்றி இல்லை, ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. மலாய்க்காரர்கள் திக்குஸ் பெலாண்டா (ஹாலந்து எலி) என்று ஹாலந்துக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனக்கு இரண்டு இருந்தன. மூன்று வருடத்துக்கு முன் மார்ச் மாதம், காலை ஒன்பது மணிக்கு மாமர நிழலில் கூண்டை வைத்துவிட்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். ஒன்றரைக்குத் திரும்பினேன். நிழல் மூன்றடி நகர்ந்திருந்தது. ஒன்று கால்களை நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது, வாயோரம் நுரை. மற்றது தண்ணீர்க் குழாயின் நுனியைக் கவ்வியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது பிழைத்தது. பூனை வந்து கொல்லவில்லை, நான்தான்.

ஆகவே: பத்து மணிக்கு மேல் ஐந்து மணி வரை உள்ளே. தகரத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு அத்தாப்போ (ஓலைக் கூரை) பலகையோ இன்னொரு கூரை. பொங்கலுக்கு வைத்து விரிசல் விட்ட மண்பானை எல்லார் வீட்டிலும் இப்போது இருக்குமே, அதைப் படுக்கவைத்து வெளிப்புறத்தை நனைத்துவிடுங்கள். உள்ளே ஏறிப் படுத்துக்கொள்ளும், குளிர்ச்சி. பயந்தால் ஒளியவும் ஆகும். வெப்பத்தில் துவண்டுவிட்டால் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதும் பாதமும் துடைத்தபடி மருத்துவரிடம் ஓடுங்கள்.

கொசுப்புகை அடிக்க வரும் நாளிலும் உள்ளே தூக்கிவிட வேண்டும். வண்டிச் சத்தம் கேட்ட பிறகு ஓடினால் நேரம் போதாது.

மலையடிவாரம் | வெள்ளி, காலை 8.30

செந்தூல் அக்கா சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயர் ஈத்தாமில் மலைக்குக் கீழே இருக்கிறேன். பூனை என்னை ஒருநாளும் அழவைத்ததில்லை. மலைப்பாம்பு அழவைத்தது.

பெரியது இல்லை, என் மணிக்கட்டுக் கனம்தான். வடிகால் வழியாக வந்திருக்கிறது. இரண்டங்குலக் கண் வலை, அதில் தலை போனால் உடம்பும் போகும். காலையில் பார்த்தபோது உள்ளேதான் இருந்தது. ஒன்றை விழுங்கிவிட்டதால் வயிறு பருத்து, வந்த ஓட்டையில் திரும்பிப் போக முடியவில்லை. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே, நடுவில் அந்த வீக்கம். தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து வலையை வெட்டி எடுத்தார்கள். 999 அழைத்தால் போதும், நீங்களே குச்சியோடு இறங்காதீர்கள்.

அன்றைக்கு அரை அங்குல வலைக்கு மாறினேன். உடும்பு, மூசாங் (மரநாய்), காகம், குரங்கு என்று எங்கள் பக்கத்தில் வருகைப் பதிவேடே போடலாம். குளுகோரில் குரங்கு வருமா தெரியாது. வந்தால் வெறும் கொக்கியை நம்மைவிட வேகமாகத் திறக்கும்.

பின்குறிப்பு: நீங்கள் போட்ட படத்தில் அந்தப் பழுப்பு நிறம், அதிரசமா? பேரிக்காய் வடிவத்தில் இருக்கிறதே. நான்கும் பெண் என்று யார் சொன்னது?

குளுகோர்வாசி | வெள்ளி, காலை 8.52

வாங்கிய கடையில். அதற்குத் தீனி ஆசை அதிகம், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மலையடிவாரம் | வெள்ளி, காலை 8.55

ம்.

இரவு வேலைக்காரன் | சனி, காலை 6.20

பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் இரவு வேலை. விடியும்போதுதான் இதையெல்லாம் வாசிக்க நேரம். ஒரு சந்தேகம். பூனை ஏழு மணிக்கு வயிறு நிறையத் தின்கிறது. நான்கு கினிப்பன்றியும் நன்றாக வளர்ந்தவை, ஆளுக்கு ஒரு கிலோ பக்கம். வயிறு நிறைந்த பூனை ஒரு கிலோ பிராணிக்காக ஆறரை வரை கூரை மேல் தவம் இருக்குமா? எங்கள் ஆலையின் குப்பைமேட்டுப் பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

பழைய கைப்பேசி ஒன்றைச் சமையலறைச் சன்னலில் மின்னேற்றியோடு சாய்த்து வைத்து, இரவெல்லாம் படம் பிடியுங்கள். வெளிவிளக்கு எரியட்டும். பிராணிகளை மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள், தீனி அங்கேயே இருக்கட்டும்.

குளுகோர்வாசி | புதன், காலை 7.05

நண்பர்களே, வலை இன்னும் வாங்கவில்லை, திட்ட வேண்டாம். நான்கு நாளாக இரவில் எல்லாம் சமையலறையில்தான் இருக்கின்றன. ஆனால் கைப்பேசி வைத்தேன். மூன்று இரவு ஒன்றும் இல்லை. நேற்றிரவு பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

11.50க்குச் செம்மஞ்சள் வந்து தகரத்தின் மேல் ஏறிப் படுத்தது. பிறகு இரண்டரை மணி நேரம் வெறும் வால் நுனிதான் ஆடுகிறது. 2.24க்கு வடிகால் மூடியின் உடைந்த மூலையிலிருந்து ஓர் எலி. என் செருப்பு நீளம், வால் தனி. நேராகச் சட்டத்தின் பின்மூலைக்கு வந்தது, வாழ்நாளெல்லாம் வந்து பழகியது போல. அங்கே புல்லுக்கு அடியில் ஒரு குழி, சட்டத்தின் கீழாக உள்ளே. போய்த் தீனிக் கிண்ணத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் எடுத்துத் தின்றது. பின்னால் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. என் மகளின் அதிரசத்துக்கு என்று நாற்பது ரிங்கிட் கொடுத்து வாங்கிய தீனி.

செம்மஞ்சள் அசையவில்லை. 2.41க்கு ஒன்று வெளியே தலை நீட்டியது. அடுத்த கணம் படத்தில் ஒரு செம்மஞ்சள் கோடுதான். முன்பக்க வலையில் மோதிய சத்தம் கண்ணாடிக்கு உள்ளேயும் பதிவாகியிருக்கிறது. எலியைக் கவ்விக்கொண்டு கேட்டுக்கு அடியில் போய்விட்டது. அன்றைக்கு வலை வளைந்ததும் இப்படித்தான்.

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அரிசி மாதிரி, கொஞ்சம் பெரிதாக, கறுப்பு எச்சம் கூண்டின் பின்பக்கம் முழுக்க. வைக்கோல் என்று நினைத்து இவ்வளவு நாள் தாண்டிப் போயிருக்கிறேன்.

இரவு வேலைக்காரன் | புதன், காலை 7.20

தூங்கப் போகுமுன் இதைப் படித்தேன். நன்றி, இனித் தூக்கம் வராது.

மலையடிவாரம் | புதன், காலை 7.48

இப்போது பூனையைவிட எலிதான் உங்கள் கவலை. எலி மூத்திரத்தில் பரவும் காய்ச்சல் இந்த நாட்டில் ஆளையே கொல்கிறது. உங்கள் மகள் வெறுங்கையால் அந்தப் புல்லை மாற்றுகிறாள். பழைய தீனி, வைக்கோல் எல்லாவற்றையும் கையுறை போட்டுப் பைக்குள் கட்டி எறியுங்கள். கிண்ணம், போத்தல், சட்டம் எல்லாம் தண்ணீரில் கரைத்த குளோரினால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், வாசனை போன பிறகுதான் பிராணிகள் உள்ளே. இனி தீனி இரவில் வெளியே கிடக்கக் கூடாது. மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். வைக்கோலும் புல்லும் கிடக்கலாம், எலியை இழுப்பது உருண்டைத் தீனிதான்.

என் மலைப்பாம்பும் எலியைத் தேடி வந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கெப்போங் தம்பி | புதன், காலை 8.10

அப்படியானால் அந்தப் பூனைக்கு மாதச் சம்பளம் போட வேண்டும் போலிருக்கிறது. நான் அன்றைக்கு எழுதியதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

மூன்று பூனைக்காரி | புதன், காலை 8.33

பூனைக்குச் சிலை வைத்துவிடாதீர்கள், நானே சொல்கிறேன். வளர்ந்த கினிப்பன்றியைச் சில பூனைகள் கண்டுகொள்ளாது, சில மணிக்கணக்கில் முறைக்கும். அந்த முறைப்பே இவற்றுக்குச் சித்திரவதை. குட்டி என்றால் எந்தப் பூனைக்கும் அது எலிதான். நூறு கிராம், ஓடும், கீச்சிடும். வேறென்ன வேண்டும்? வலை கட்டாயம். கூண்டின் கீழ்ப்பகுதியில் அரையடி உயரத்துக்குப் பலகை அடியுங்கள். வெளியில் நிற்பதற்கு உள்ளே தெரியாது, உள்ளே இருப்பதற்கும் வெளியில் நிற்பது தெரியாது.

மாக்சிக்கிடம் தட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், சந்தின் மறுகோடிக்கு. அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் எலிக்கு விருந்து. பூனைகளின் காதைப் பாருங்கள். நுனி நேராக வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது. மற்றவற்றுக்கு ஜெலுத்தோங்கில் உள்ள பிராணிவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.யில் கேளுங்கள். பதினொன்று இருபத்திரண்டு ஆவது அடுத்த வருடம் வரை காத்திருக்காது.

குளுகோர்வாசி | ஞாயிறு, மாலை 6.10

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

மாக்சிக் வீட்டுக்கு முறுக்கு டப்பாவோடு போனேன். காணொளியைக் காட்டினேன். எலியைக் கண்டதும் ஒரு சத்தம் போட்டார், பூனை பாய்ந்ததும் கைதட்டினார். அதன் பெயர் ஓயேன் என்றார். இந்த நாட்டில் செம்மஞ்சள் பூனைக்கு வேறு பெயரே வைப்பதில்லை போலும். கேட்டதில் நான்குக்கு மட்டும் காது வெட்டியிருக்கிறது. மற்ற ஏழுக்கும் செய்ய ஆசைதான், ஓய்வூதியத்தில் முடியவில்லை என்றார். மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு பாதி நான் தருவதாகச் சொன்னேன். தட்டைச் சந்தின் கோடிக்கு மாற்றிவிட்டார். நான் கேட்கும் முன்பே, "உன் எலிகள் பயப்படுகின்றனவா?" என்று விசாரித்தார். எலி இல்லை என்று விளக்கப் போய், ஹாலந்து எலி என்று மலாயில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வலை அரை அங்குலம். ரீப்பர் கட்டை, திருகாணி, தரையில் சுற்றிலும் ஓரடிப் பாவாடை வலை எல்லாம் தச்சர் ஐயா சொன்னபடி. வடிகால் மூடியின் மூலையைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். கூண்டுக்குக் கூரை மேல் கூரை. இப்போது காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை மட்டும் புல்தரை, மற்ற நேரம் சமையலறை. நேற்றுக் காலை ஓயேன் வந்து பாவாடை வலையின் மேல் கால் வைத்தது, பிடிக்கவில்லை, உதறியது, கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் போய்ப் படுத்தது. உள்ளே முறுக்கு நாலு காலும் தூக்கி ஒரு குதி குதித்தது. சந்தோஷத்தில் அப்படிச் செய்யும் என்று மகள் சொல்கிறாள்.

அதிரசம் குதிக்கவில்லை. இன்னும் பருத்திருக்கிறது. நாளை மருத்துவரிடம் காட்டுகிறோம்.

பழைய தச்சன் | ஞாயிறு, இரவு 7.40

படம் பார்த்தேன். வேலை சுத்தம். வலது மேல்மூலையில் ஒரு திருகாணி விட்டுப்போயிருக்கிறது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுங்கள்.

குளுகோர்வாசி | திங்கள், இரவு 8.25

மருத்துவர் சிரிக்காமல்தான் சொன்னார். ஓமப்பொடி ஆண். கர்ப்பம் 59 முதல் 72 நாள் என்றார். நாங்கள் வாங்கிய நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன், எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். கடலையும் சந்தேகமாம். முறுக்கு பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

மலையடிவாரம் | திங்கள், இரவு 8.27

நான் "ம்" என்று மட்டும்தான் எழுதினேன்.

ஓமப்பொடியை இன்றிரவே தனியாக வையுங்கள். ஈன்ற சில மணி நேரத்துக்குள் தாய் மறுபடி கருத்தரிக்கும். கொய்யாவோ குடைமிளகாயோ தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். நம்மைப் போலவே வைட்டமின் சி தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத உடம்பு, கர்ப்பத்தில் தேவை அதிகம்.

குளுகோர்வாசி | வியாழன், காலை 6.45

இரவு சமையலறையில், அடுப்புக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில், மூன்று குட்டிகள். கண் திறந்தபடி, முழு ரோமத்தோடு, பல்லோடு பிறந்திருக்கின்றன. அரைமணி நேரத்தில் ஒன்று ஓடிப் போய்க் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. நானும் மனைவியும் மகளும் தரையில் குப்புறப் படுத்து ஒரு கொத்தமல்லித் தண்டை ஆட்டிக்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஓயேன். அந்தக் கீச்சுச் சத்தத்துக்குத்தான் வந்திருக்கிறது. இம்முறை வால் நுனி மட்டும் இல்லை, உடம்பே ஆடியது. திரையை இழுத்துவிட்டேன்.

தச்சர் ஐயா, ஓமப்பொடிக்கு இன்னொரு கூண்டு வேண்டும். ஆண்குட்டி இருந்தால் மூன்று வாரத்தில் அதையும் பிரிக்க வேண்டுமாம். எத்தனை அடி வலை வாங்கலாம்?

பழைய தச்சன் | வியாழன், காலை 7.30

முதலில் அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் அடியை ஒரு பலகை வைத்து அடையுங்கள். அளவு மாலையில் சொல்கிறேன்.